மெஷினுக்கு நெற்றி எது

தங்கவேலின் பழைய மெஷின் பாட ஆரம்பித்தால் மந்தைவெளி ஸ்டேஷனில் ரயில் நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். நம்பாதவர்கள் இன்றைக்கே போய்ப் பார்க்கலாம். ரயில் நிற்கும்.

மயிலாப்பூர் நாகராஜுக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்தது. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற அன்று தங்கவேலின் பாஸ் ஸ்பீக்கர் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தவன், பாதிப் பாட்டில் எழுந்து ஓடினான். திரும்பி வரும்போது முகத்தில் அப்படியொரு தெளிவு. ஸ்கேன் எடுத்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரியில் கல்லை உடைத்தார்கள் என்று கேட்டாராம். அம்மன் கோயில் வாசல், இடது பக்கப் பெட்டி என்று சொல்லியிருக்கிறான்.

அந்த மெஷினுக்குள் ஒரு பல்லியும் குடியிருந்தது. அது பொரித்த குஞ்சுகள் பிறக்கும்போதே தலையை ஆட்டிக்கொண்டு பிறந்தன. அதில் ஒன்று எங்கள் வீட்டு டியூப் லைட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பாட்டை நிறுத்தினால் பூச்சி பிடிக்காது.

இப்படிப்பட்ட மெஷினைத்தான் மாற்றப் போகிறேன் என்று தங்கவேல் வந்து நின்றான்.

அவன் டிஜே. மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, பிறந்தநாள், அம்மன் திருவிழா, எது என்றாலும் அந்த மெஷினில் பாட்டுப் போடுகிறவன். நான் அவனுடைய பெட்டிகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிப் போகிற டிரைவர். கால்வாய் ஓரத்தில் அவனுக்கு அடுத்த வீடு. உறவு ஒன்றும் கிடையாது, ஆனால் மாமா என்றுதான் கூப்பிடுவான். டீசல் போட்டுக் கொடுக்க வேண்டிய நாளில் ‘நைனா’ என்பான்.

அவனைப் பாட்டுப் போடக் கூப்பிட்ட சனம் இப்போது மந்தைவெளியில் இல்லை. கால்வாய் ஓரத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லி, லாரி லாரியாக ஏற்றிப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் இறக்கிவிட்டார்கள். எங்கள் வரிசையில் சில வீடுகள் மட்டும் எப்படியோ கண்ணில் படாமல் தப்பின. அங்கே போனவர்கள் மஞ்சள் நீராட்டை ஹாலிலேயே முடித்துக்கொள்கிறார்கள். சுரைக்காய் அளவு ஒரு ப்ளூடூத் பெட்டி போதும். அதற்கு மேல் சத்தம் வைத்தால் மேல்மாடிக்காரன் இறங்கி வந்துவிடுவான். இங்கே மிச்சம் இருப்பவர்கள் கூழ் ஊற்றினால் போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்குவதற்குள் கூழ் ஆறிவிடுகிறது. தங்கவேலின் பெட்டிகள் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கின. அவன் பெண்டாட்டி வேலம்மாவின் தம்பி ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் சூப்பர்வைசர். “மாமா, யூனிஃபார்ம் ரெடியா கீது, நீ இடுப்பு அளவு மட்டும் சொல்லு” என்று வாரம் தவறாமல் போன் செய்வான். தங்கவேல் அளவு சொல்லாமலே இருந்தான்.

அப்போதுதான் பாண்டி பஜாருக்குப் பின்னால் இருக்கிற ஏசி கல்யாண மண்டபத்திலிருந்து அழைப்பு வந்தது. மேனேஜர் பெயர் ராஜகோபாலன். எங்கள் இருவரையும் உட்காரச் சொல்லி, தங்கவேலின் பழைய மெஷின் போட்டோவைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை, போட்டுக்கொண்டு ஒரு தடவை.

“இது என்ன, ரைஸ் மில்லுல இருந்து எடுத்துண்டு வந்தேளா?”

“சவுண்டு சோக்கா இருக்கும் சார்.”

“சவுண்டை யார் கேட்டா? ரிசப்ஷன்ல போட்டோ எடுக்கறா, ரீல் எடுக்கறா. பின்னாடி மெஷின் தெரியறது. ரெண்டு ஸ்க்ரீன் வெச்சு, லைட்டெல்லாம் ஓடிண்டு, புது மாடல் இருக்கோல்லியோ, அது வேணும். அதோட வாங்கோ. ஒரு ரிசப்ஷன் பண்ணிக் காட்டுங்கோ. நன்னா அமைஞ்சுதுன்னா இந்த மண்டபத்துக்கு நீங்கதான் டிஜே. வேற யாரையும் உள்ள விடமாட்டேன்.”

வெளியே வந்து வண்டியில் ஏறினோம். பனகல் பார்க் சிக்னலில் வண்டி நின்றபோது, “மாமா, இது கெடச்சா யூனிஃபார்ம் வாணாம்” என்றான். சிக்னல் பச்சையான பிறகும் நான் வண்டியை எடுக்கவில்லை என்று பின்னால் இருந்தவன் என் பரம்பரையை விசாரித்தான்.

ரிச்சி தெருவில் கரீமுல்லா பாய் பழைய மெஷின்களை வாங்கி விற்பவர். தங்கவேல் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் கடைதான். இந்தப் பழைய மெஷினும் அவரிடம் வாங்கியதே. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சீரக மிட்டாயை எடுத்து எங்களுக்குக் கொடுத்தார்.

“நெசமா சொல்றேன் தங்கவேலு. கேக்கறவன் காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். புதுசுல பாட்டுலேர்ந்து கொரலை மட்டும் உருவிடலாம், வேகத்தை அதுவே ஜோடி சேத்துக்கும், லேப்டாப்பு வாணாம். ஆடறவனுக்கு இதெல்லாம் இன்னா தெரியப்போவுது? பழசு ஓடிக்கினு கீதுல்ல, வுடேன்.”

“மண்டபத்துல கேக்கறாங்களே பாய்.”

“அப்ப வாங்கு. ஆனா எனக்கு லாபம்னு வாங்காத, உனக்கு லாபம்னும் வாங்காத.”

“அப்ப யாருக்கு லாபம்?”

“போட்டோ எடுக்கறவனுக்கு” என்றார் பாய்.

பழசை எக்ஸ்சேஞ்சில் தள்ளி, மிச்சத்தைத் தவணையில் போட்டு வாங்கினான். பழையதைப் பாய் ஒரு கையால் தூக்கி உள்ளே வைத்தார். தங்கவேல் பார்க்காத மாதிரி மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தான்.

புது மெஷினைப் பற்றி நான் மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. அதற்கு எதையும் அளக்கத் தெரியும். நான் சும்மா மணிக்கட்டை அதன் மேல் வைத்தேன். என் நாடித் துடிப்பைக் கணக்குப் பண்ணி, அதே வேகத்தில் பொருத்தமான பாட்டு இது என்று ஓர் ஒப்பாரியை எடுத்துக் காட்டியது. கையை எடுத்துவிட்டேன். நடுவில் எல்லாப் பொத்தான்களும் சேர்ந்த பலகை, இரண்டு பக்கமும் எவர்சில்வர் மாதிரி மினுமினுக்கும் இரண்டு தட்டுகள். தட்டின் மேல் விரலை வைத்தால் பாட்டு நிற்கும். எடுத்தால் ஓடும். அமுக்கவே வேண்டாம், தொட்டாலே போதும். பழைய மெஷினை நிறுத்த வேண்டுமானால் கட்டை விரலால் மல்யுத்தம் போடுகிற மாதிரி அழுத்த வேண்டும். இது தொட்டாற்சிணுங்கி.

ஆயுத பூஜை வந்தது. பழைய மெஷினுக்கு வேலம்மா வருடா வருடம் சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி வைப்பாள். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்த பொட்டு, மேலே மேலே ஏறி ஒரு குன்றாகிவிட்டிருந்தது. எறும்பு ஒன்று ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க முழுசாக ஒரு பாட்டு ஆகும். மெஷின் நன்றாக ஓடுவதற்கு அந்தக் குன்றுதான் காரணம் என்று வேலம்மா நம்பினாள். நானும் இல்லை என்று சொன்னதில்லை.

பெட்டிகளுக்கு வைத்தாள். என் வண்டிக்கு வைத்தாள். மைக்குக்கு வைத்தாள். புது மெஷினிடம் வந்ததும் விரலில் சந்தனத்தோடு நின்றுவிட்டாள்.

“இன்னாய்யா, இதுக்கு நெத்தி எது?”

தங்கவேல் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பொத்தான் இல்லாத இடமே இல்லை. ஸ்க்ரீனில் வைத்தால் எழுத்து மறையும்.

“தட்டு நடுவுல வை” என்றான். “ரெண்டு தலைன்னு நெனச்சுக்க. நல்லா அழுத்தி வை, முதல் பூஜை.”

பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். வேலம்மாவுக்குக் கை தாராளம். இரண்டு தட்டிலும் தோசை மாவு மாதிரி வைத்து, மேலே குங்குமம் அப்பினாள். அது வழிந்து தட்டின் ஓரம் வரை வந்து, தட்டுக்கும் அதைச் சுற்றிய வளையத்துக்கும் இடையே நூல் இழை அளவு இருக்கிற இடுக்கில் இறங்கியது. மறுநாள் ஈரத்துணியால் துடைத்தார்கள். மேலே இருந்தது போனது. போட்டுப் பார்த்தான், மெஷின் மணி மாதிரி பாடியது. ராசியான கை என்று வேலம்மாவைப் பார்த்துச் சொன்னான். அவள், “போய்யா, சும்மா டபாய்க்காத” என்று உள்ளே போய்விட்டாள்.

ஐப்பசி முகூர்த்தத்தில் ரிசப்ஷன். மாப்பிள்ளை வீடு அடையாறு. மேடைக்குப் பக்கத்தில் எங்கள் மேஜை. தங்கவேல் புதுச் சட்டை, கழுத்தில் ஹெட்போன். மெஷினில் நீலமும் ஊதாவுமாக வெளிச்சம் ஓடியது. ராஜகோபாலன் வந்து பார்த்து, “பேஷ்” என்றார். போட்டோகிராபர் மெஷினை மட்டும் தனியாகப் படம் எடுத்தார். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு கோணம் பார்த்திருக்க மாட்டார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றார்கள். என்ட்ரிக்குத் தனிப் பாட்டு. அதோடு மேடையிலிருந்து புகை விடுவார்கள். டிரை ஐஸ் கட்டியைச் சுடுதண்ணீரில் போட்டு, தரையோடு தரையாக வெள்ளையாக ஓடும் புகை, மேகத்தில் நடந்து வருகிற மாதிரி இருக்குமாம். தங்கவேல் பாட்டை எடுத்தான். ஹால் முழுக்கத் திரும்பியது. புகை வந்தது. மேடையிலிருந்து இறங்கி, எங்கள் மேஜை மேல் ஏறி, மெஷினைக் குளிப்பாட்டிவிட்டுப் போனது.

பாட்டு நின்றது.

தங்கவேல் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினான், நான் தொடவில்லை என்று. ஸ்டைலுக்கு நிறுத்துகிறான் என்று நினைத்து இளவட்டம் விசில் அடித்தது. பொத்தானை அழுத்தினான். ஓர் எழுத்து பாடிவிட்டு மறுபடி நின்றது. கைக்குட்டையை எடுத்துத் தட்டைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க ஈரம் இடுக்கில் இறங்கியது. இடுக்கிலிருந்து மஞ்சளாக ஒரு கோடு கசிந்து வந்தது. தட்டின் நடுவில் சின்னதாக ஒரு விளக்கு, கை பட்டிருக்கிறது என்பதற்கான விளக்கு, அணையாமல் எரிந்தது. யாரோ கையை வைத்துக்கொண்டு எடுக்கமாட்டேன் என்கிற மாதிரி.

“மாமா, கை வெச்சிக்கினு கீற மாதிரி காட்டுது” என்றான் மெதுவாக. “யாரு கை மாமா?”

நான் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். அங்கே கை எதுவும் இல்லை.

பெண்ணும் மாப்பிள்ளையும் மேகத்தில் ஒரு காலை வைத்தபடி நின்றார்கள். மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவன் போனை எடுத்து, மண்டபத்தில் அறிவிப்புச் சொல்கிற மைக் செட்டோடு இணைத்தான். அதே பாட்டு, நின்ற இடத்திலிருந்தே ஓடியது. பெண் நடந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் அவன் வரிசையாகப் பாட்டுப் போட்டான். மாப்பிள்ளையின் பெரியப்பா ஆடினார். பந்தியில் இருந்தவர்கள் வாழை இலையை மூடிவிட்டு வந்து ஆடினார்கள். இவ்வளவு நல்ல ரிசப்ஷனை நான் பார்த்ததில்லை. இது கதை இல்லை, நிஜம்.

தங்கவேல் இடத்தை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் இல்லையா? ஹெட்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டு, ஓடாத மெஷினின் பொத்தான்களைத் திருகிக்கொண்டே, தலையை ஆட்டிக்கொண்டே நின்றான். குழந்தைகள் பக்கத்தில் வந்து படம் எடுத்துக்கொண்டன. ஒரு மாமி, “அந்தப் பாட்டைத் திரும்பப் போடுங்கோ” என்றாள். “போடறேன்மா” என்றான். பாட்டு வந்தது, போனிலிருந்து. மாமி நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

விருந்து முடிந்து ராஜகோபாலன் வந்தபோது, அவர் திட்டுவார் என்று தங்கவேல் தலையைக் குனிந்து நின்றான். அவர் திட்டவில்லை. போட்டோகிராபர் காட்டிய படங்களைப் பார்த்து மனசு குளிர்ந்து போயிருந்தார்.

“எல்லாப் படத்துலயும் பிரமாதமா விழுந்திருக்கு. ஒரே ஒரு விஷயம் தோணித்து. பாட்டுக்கு போனே போறும் போல இருக்கே! நான்தான் இத்தனை நாள் கவனிக்கலை. நீங்க ஒண்ணு பண்ணுங்கோ. மெஷினை மாச வாடகைக்கு இங்கேயே விட்டுடுங்கோ. லைட்டு மட்டும் எரிஞ்சா சரி.”

“நான் சார்?”

“நீங்க எதுக்கு சிரமப்படணும்?” என்றார் அவர், உண்மையான கரிசனத்தோடு.

மெஷினை விடுவதற்கு முன்னால் ரிப்பேர் பார்த்துவிடலாம் என்று கிண்டியில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அனுப்ரியா என்று ஒரு பெண். தட்டைக் கழற்றி, ஊசியால் இடுக்கில் சுரண்டி, வெள்ளைக் காகிதத்தில் கொட்டினாள்.

“என்ன சார் இது, மஞ்சளா?”

“சந்தனம்மா.”

“இதை ஏன் சார் இங்க வெச்சீங்க?”

“நெத்தி எதுன்னு தெரியலம்மா.”

அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண். இடுக்கில் இருக்கிற சந்தனம் ஈரத்தைப் பிடித்து வைத்தால் மெஷின் அதை விரல் என்று நினைத்துக்கொள்ளும் என்று விளக்கினாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, ஓரத்தில் இருந்த ஒரு குட்டிப் பொத்தானைக் காட்டினாள்.

“இதை ஒரு தடவை அமுக்கிட்டா தட்டுல கை இருக்கறதையே மெஷின் கண்டுக்காது சார். யார் தொட்டாலும் பாட்டு ஓடிட்டே இருக்கும். அன்னிக்கு இதை அமுக்கியிருந்தீங்கன்னா போதும்.”

தங்கவேல் அந்தப் பொத்தானையே பார்த்தான். பழைய மெஷினில் அப்படி ஒன்று கிடையாது. கையை எடுக்காதவனைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே அதற்கு வந்ததில்லை. அமுக்கிப் பார்த்தான். அனுப்ரியா உள்ளங்கை முழுவதையும் தட்டில் வைத்தாள். பாட்டு ஓடியது. ரிப்பேர் என்று ஒன்றும் இல்லை, மெஷின் புத்தம் புதுசாக இருந்தது.

“பிரச்சினை முடிஞ்சுது சார்” என்றாள்.

“ஆமாம்மா” என்றான் தங்கவேல்.

திரும்பும்போது ரிச்சி தெருவுக்கு விடச் சொன்னான். புதுசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழசை வாங்கி, பெரும்பாக்கம் பக்கமே எதையாவது பார்க்கலாம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. கரீமுல்லா பாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். புது மெஷினுக்கும் அடுத்த மாடல் வந்துவிட்டது, இதைக் கேட்க ஆள் இல்லை என்றார். பழசைக் கேட்டதற்கு, மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே திருகாணிகளும் குமிழ்களும் கிடந்தன.

“பவர் சப்ளை ஒருத்தன் கேட்டான், சத்தம் ஏத்தி எறக்கற ஃபேடர் ஒருத்தன் கேட்டான். பிரிச்சிட்டேன்பா. மேல்மூடி மட்டும் கீது, எடுத்துக்கினு போறியா?”

மூடியில் அந்தச் சந்தனக் குன்று அப்படியே இருந்தது. தங்கவேல் அதைத் தொடவில்லை. பல்லி எங்கே என்று நான் கேட்டேன். பாய் டிராயரைச் சாத்தினார்.

அன்று சாயங்காலம் மச்சானுக்குப் போன் போட்டு இடுப்பு அளவைச் சொன்னான்.

இப்போது பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடை பார்க்கிங்கில் நிற்கிறான். நீலச் சட்டை, தொப்பி, விசில். பின்னால் வருகிற காருக்கு, “வா வா வா, ஒடி, நேரா வுடு” என்று கை காட்டுவான். காருக்குள் பாட்டு ஓடினால் ஒரு நொடி கை தப்பும். மெஷின் மண்டபத்தில் வெளிச்சம் மட்டும் போட்டுக்கொண்டு நிற்கிறது. வருகிற வாடகை தவணைக்கே போய்விடுகிறது. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் அதன் பின்னால் நின்று, ஹெட்போனை மாட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு மெஷினை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று வேலம்மா பிடிவாதம் பிடித்தாள். சாயங்காலம் புக்கிங் இருக்கிறது, தர முடியாது என்று ராஜகோபாலன் சொல்லிவிட்டார். வேண்டுமானால் இங்கே வந்து பண்ணிக்கொள்ளுங்கள் என்றார். எவர்சில்வர் கிண்ணத்தில் சந்தனத்தை எடுத்துக்கொண்டு வேலம்மா என் வண்டியில் ஏறினாள். தங்கவேல் சாப்பாட்டு நேரத்தில் யூனிஃபார்மோடு ஓடி வந்தான்.

ஹாலில் நாற்காலிகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்கள். மெஷின் சுவிட்ச் போடாமல் இருட்டாக நின்றது. வேலம்மா விரலில் சந்தனத்தைத் தொட்டு எடுத்துவிட்டு, போன வருடம் மாதிரியே நின்றாள். மேஜை விளிம்பில் வைக்கலாமா என்று பார்த்தாள்.

“எங்க வேணா வைய்யி” என்றான் தங்கவேல். “இப்ப ஒண்ணும் ஆவாது.”

அவள் தட்டின் நடுவில் வைத்தாள். இரண்டிலும். குங்குமம் வைத்தாள். கற்பூரம் காட்டலாமா என்று கேட்டதற்கு, மேலே புகை அலாரம் இருக்கிறது என்றார்கள். சரி என்று கையை மட்டும் கூப்பினாள்.

ராஜகோபாலன் வந்து பார்த்துவிட்டு, “திவ்யமா இருக்கு” என்றார். போகும்போது திரும்பி, “சாயங்காலம் போட்டோல கறை மாதிரி விழும். சித்த துடைச்சுட்டுப் போயிடுங்கோ” என்றார்.

தங்கவேல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தான். இரண்டு தட்டையும் துடைத்தான். பிறகு வேலம்மாவின் புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கேட்டு வாங்கி, அனுப்ரியா செய்த மாதிரியே, இடுக்கில் இறங்கியிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தான். துளி மிச்சமில்லாமல் எடுத்த பிறகு, குனிந்து ஊதினான். ஊக்கை அவளிடம் கொடுத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டான். பார்க்கிங்கில் வண்டிகள் சேர்ந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான்.